வளராத முடி என்றொரு பொய்

முடியை நேராக்கும் ரிலாக்ஸர் பசையை ஒரு முறை பூசிக்கொண்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. ஆறு வாரமோ எட்டு வாரமோ கழித்து மறுபடியும் சலூன் நாற்காலியில் உட்கார வேண்டும். அதற்குள் வேரடியில் ஏறத்தாழ ஒரு விரற்கடை புதுமுடி முளைத்து, தன் இயல்பான சுருளோடு வெளியே வந்திருக்கும். பசையோடு தரப்படும் குறிப்பிலேயே, மறுமுறை பூசும்போது புதிதாக வளர்ந்த பகுதியில் மட்டும் பூசச் சொல்லியிருப்பார்கள். அந்தப் புதுவளர்ச்சியை நம்பித்தான் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு பெருந்தொழில் நடந்துவருகிறது. ஆனால் அதே சலூனில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடமே சொல்கிறார்கள்: கருப்பினத்தவருக்கு முடி வளராது.

வளராத முடிக்கு எட்டு வாரத்துக்கு ஒரு முறை பசை எதற்கு?

இந்த நம்பிக்கை வெள்ளையரிடம் மட்டும் இருப்பதல்ல. கருப்பினக் குடும்பங்களுக்குள்ளேயே பாட்டி தாய்க்கும் தாய் மகளுக்கும் சொல்லி வந்திருக்கிறார்கள். நம் ஊரிலும் நன்றாகப் படித்தவர்கள்கூட ஆப்பிரிக்கப் பெண் ஒருவரின் நீண்ட பின்னலைப் பார்த்தால், சவுரிதான் என்று விசாரிக்காமலேயே முடிவு கட்டுகிறார்கள். இந்த நம்பிக்கைக்கு இரண்டு பாதிகள். முதல் பாதி, அந்த முடி வளராது என்பது. இரண்டாவது பாதி, அதைக் காரத்தாலோ சூட்டாலோ அடக்கி நேராக்கினால்தான் ஒழுங்காக இருக்கும் என்பது. இரண்டும் தவறு. அதைவிட மோசம், இரண்டாவது பாதியை நம்பிச் செய்யும் காரியங்களே முடியை ஒடித்து, முதல் பாதிக்குச் சாட்சி தயாரித்துக் கொடுக்கின்றன.

முதலில் வளர்ச்சிக் கணக்கு. பிரான்ஸின் லோரியால் நிறுவன ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடி நாளொன்றுக்குச் சராசரியாக 0.28 மில்லிமீட்டர் வளர்கிறது. ஐரோப்பியரின் முடி 0.37 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், கிழக்காசியரின் முடி 0.41 மில்லிமீட்டரும் வளர்கின்றன. வேகம் குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 0.28 மில்லிமீட்டர் என்றால் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர். மூன்றே ஆண்டில் ஓர் அடி. ஆறு ஆண்டில் இரண்டு அடி. முளைத்தது முழுவதும் தலையிலேயே நின்றிருந்தால் பெரும்பாலான பெண்களுக்கு முதுகைத் தொடும் கூந்தல் இருக்க வேண்டும். இல்லையென்றால் முளைத்தது எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி.

ஒடிந்து போயிற்று. தென்னாப்பிரிக்கத் தோல் மருத்துவர் நொன்லான்லா குமாலோவும் அவருடைய சகாக்களும் 2000இல் வெளியிட்ட எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வில் கண்டது இதைத்தான். உதிர்ந்து சீப்பில் வந்த கருப்பினத்தவர் முடிகளில் வேர் ஒட்டியிருந்தவை குறைவு. பெரும்பாலானவற்றின் நுனி முறிந்திருந்தது. பலவற்றில் முடிச்சுகள் விழுந்திருந்தன. வேரோடு உதிர்வது வேறு, நடுவில் முறிவது வேறு. முன்னதற்குக் காரணம் மயிர்க்காலில் இருக்கும். பின்னதற்குக் காரணம் பெரும்பாலும் முடியைக் கையாளும் விதத்தில் இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றாக்கி 'வளராது' என்று சொல்லிவிட்டால், கையாளும் விதத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

முறிவதற்குக் காரணமும் முடியின் வடிவத்திலேயே இருக்கிறது. இந்த முடியின் மயிர்க்கால் தோலுக்குள்ளேயே வளைந்திருக்கிறது. அதனால் வெளிவரும் முடியும் வளைந்து, முறுக்கிக்கொண்டு வருகிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, நசுங்கிய நீள்வட்டமாக இருக்கும். புரதம் எல்லார் முடியிலும் உள்ள அதே கெரட்டின்தான், வேறு ஏதோ மட்டமான பொருள் அல்ல. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் முடி மெலிகிறது, இழுத்தால் முதலில் விடுவது அந்த இடம்தான். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருளில் அது திருப்பத்துக்குத் திருப்பம் தங்கி, பாதி தூரம்கூட எட்டுவதில்லை. வேரடியில் பசை, நுனியில் வறட்சி. வறண்ட சுருளில் நெருக்கமான பல் கொண்ட சீப்பை மேலிருந்து கீழே இழுத்தால் என்ன நடக்கும் என்று சொல்லவே தேவையில்லை.

இன்னொன்று, நீளம் கண்ணுக்குத் தெரியாமல் போவது. நனைந்திருக்கும்போது தோளைத் தொடும் முடி, காய்ந்ததும் சுருள்வில்லைப் போலச் சுருங்கிக் காதுமடலோடு நின்றுவிடும். பாதி நீளமாக, சிலருக்குக் கால்வாசி நீளமாகத் தெரியும். ஆண்டு முழுக்க வளர்ந்தும் கண்ணாடியில் மாற்றம் தெரியாத ஒரு பெண்ணுக்கு, வளரவில்லை என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை. அளக்கும் கோல் நேர்முடிக்காகச் செய்தது. அந்தக் கோலால் அளந்துவிட்டு முடியைக் குறை சொல்வது நியாயமில்லை.

இந்தச் சுருள் ஒரு குறைபாடே அல்ல என்பதற்கு 2023இல் கிடைத்த ஆதாரம் ஒன்று பரவலாகப் பேசப்பட வேண்டும். மானுடவியலாளர்கள் டீனா லசீசி, நீனா யப்லோன்ஸ்கி ஆகியோரின் குழு, வெப்பத்தை அளக்கும் பொம்மையின் தலையில் மனித முடியால் செய்த விக்குகளை மாட்டிச் செயற்கை வெயிலில் வைத்துச் சோதித்தது. நேர்முடி, நடுத்தரச் சுருள், இறுக்கமான சுருள் என்று மூன்று வகை. மூன்றுமே தலைக்கு இறங்கும் வெயிலைக் குறைத்தன. இறுக்கமான சுருள்தான் மிக அதிகமாகக் குறைத்தது. வியர்த்துத் தண்ணீர் இழக்க வேண்டிய தேவையையும் அதுவே மிகவும் குறைத்தது. ஆப்பிரிக்க வெயிலில் நிமிர்ந்து நடக்கத் தொடங்கி, மூளையும் பெரிதாகிக்கொண்டே போன முன்னோர்களுக்கு இப்படிப்பட்ட தலைமுடி பெரும் பாதுகாப்பாக இருந்திருக்கும் என்பது அந்தக் குழுவின் கருத்து. அந்த முடியைத்தான் அலுவலகங்களும் பள்ளிகளும் 'ஒழுங்கற்றது' என்கின்றன.

'ஒழுங்கற்றது' என்ற தீர்ப்பு எப்போது தொடங்கியது? மேற்கு ஆப்பிரிக்காவில் முடி பின்னுவது மணிக்கணக்கில் நடக்கும் வேலை, கற்றுத் தேர வேண்டிய கலை. நைஜீரியப் புகைப்படக் கலைஞர் ஜே. டி. ஒகாய் ஓஜெய்கெரே 1968இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் தெருவிலும் திருமண வீடுகளிலும் அலுவலகங்களிலும் பெண்களின் சிகையலங்காரங்களைப் படமெடுத்தார். ஏறத்தாழ ஆயிரம் படங்கள், பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து எடுத்தவை. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. நூலைச் சுற்றிச் சுற்றி முடியைக் கம்பிபோல நிமிர்த்தும் யொரூபா முறையையும் அவற்றில் பார்க்கலாம். சூடும் இல்லை, காரமும் இல்லை, வெறும் நூல்தான், முடி அதன் முழு நீளத்துக்கு நீண்டு நிற்கிறது.

அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்கு இந்த வசதி எதுவும் இல்லாமல் போயிற்று. சீப்பு இல்லை, எண்ணெய் இல்லை, ஒருவர் தலையை இன்னொருவர் பார்க்க நேரம் இல்லை. அமெரிக்கத் தோட்டங்களில் வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அன்றைக்கு ஆட்டு ரோமத்தைச் சீவும் இரும்புப்பல் சீப்பால் சிக்கெடுத்தார்கள், கிடைத்த விலங்குக் கொழுப்பைத் தடவினார்கள், மற்ற நாட்களில் துணிக்கீற்றால் சுற்றி மூடி வைத்தார்கள். விடுதலை பெற்றவர்களின் வாய்மொழிப் பதிவுகளில் இவையெல்லாம் இருக்கின்றன. சான் டியேகோவைச் சேர்ந்த முடிதிருத்துநர் வில்லி மாரோ 1973இல் எழுதிய நூலின் தலைப்பே சீப்பு இல்லாமல் கழிந்த 400 ஆண்டுகளைப் பற்றியது. நீண்ட பற்கள் கொண்ட ஆப்பிரிக்கச் சீப்பை 1960களில் அமெரிக்காவில் பரவச் செய்தவர்களில் அவர் முக்கியமானவர். சீப்பைப் பிடுங்கிக்கொண்டு, பிறகு முடி சிக்காக இருக்கிறது என்று பழி சொன்ன வரலாறு இது.

மூடி வைக்கச் சொல்லிச் சட்டமும் வந்தது. 1786இல் ஸ்பெயினின் ஆளுகையில் இருந்த லூசியானாவில் ஆளுநர் எஸ்டெபான் மீரோ, கருப்பின, கலப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தப் பெண்கள் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் தங்கள் முடியை அலங்கரித்து நடந்ததும், அதை மற்றவர்கள் திரும்பிப் பார்த்ததும்தான் ஆணைக்குக் காரணம். அசிங்கமான முடியை மூட யாரும் சட்டம் போடுவதில்லை.

மேடம் சி. ஜே. வாக்கரின் கதையைச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது, ஏனென்றால் அந்தக் கதையையே தலைகீழாகச் சொல்லிவருகிறார்கள். 1867இல் லூசியானாவின் டெல்ட்டா என்ற ஊரில் பிறந்த சாரா பிரீட்லவ், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குச் சுதந்திரத்துக்குப் பின் பிறந்த முதல் குழந்தை. செயின்ட் லூயிஸ் நகரில் துணி வெளுத்துப் பிழைத்தார். தலைத்தோல் நோயால் முடி கொட்டியது. கருப்பினத்தவருக்கு முடி வளராது என்று அவர் விதியை நொந்துகொண்டு உட்காரவில்லை. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் இல்லாத காலம், தலைகுளிப்பது எப்போதாவதுதான், சோப்பும் கடுமையானது. கோளாறு தலைத்தோலில்தான் என்று கண்டுகொண்டார். ஆனி மலோன் என்ற இன்னொரு கருப்பினப் பெண்மணியின் நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்து, பிறகு தனியாகத் தொழில் தொடங்கினார். அவர் விற்றதில் முதன்மையானது கந்தகமும் பெட்ரோலியம் ஜெல்லியும் கலந்த தைலம். கற்றுக்கொடுத்தது தலையை அடிக்கடி கழுவவும் தலைத்தோலைப் பேணவும். 1919இல் அவர் இறந்தபோது அமெரிக்காவின் செல்வம் மிகுந்த கருப்பினப் பெண்களில் ஒருவராக இருந்தார். அவருடைய முறையில் சூடான சீப்புக்கும் இடம் இருந்தது உண்மை. ஆனால் அதைக் கண்டுபிடித்தவர் அவரல்லர், முடியை நேராக்குபவர் என்று தன்னை அழைப்பதையும் அவர் மறுத்தார். இன்றும் பலர் அவரை 'நேராக்கும் சீப்பைக் கண்டுபிடித்தவர்' என்றே அறிந்திருக்கிறார்கள். முடி வளரும், தலைத்தோலைக் கவனி என்று சொன்ன பெண்ணை நேராக்கும் தொழிலின் தாயாக்கிவிட்டது இந்த நம்பிக்கை.

அடுத்து வந்தது காரம். கிளீவ்லாந்தில் தையல் இயந்திரப் பழுதுக் கடை வைத்திருந்த கேரட் மார்கன், ஊசியின் சூட்டைத் தணிக்கும் திரவத்தைத் தேடப்போய் முடியை நேராக்கும் கலவையைக் கண்டதாகச் சொல்வார்கள். 1913 வாக்கில் அதை விற்க ஒரு நிறுவனமே நடத்தினார். புகையிலிருந்து காக்கும் முகமூடிக்கும் சாலைச் சந்திப்பு சிக்னலுக்கும் காப்புரிமை பெற்றவரும் இவரே. 1954இல் சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் தொடங்கிய நிறுவனம் ரிலாக்ஸரை வீட்டுக்கு வீடு கொண்டுபோயிற்று. 1971இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் கருப்பின நிறுவனமும் அதுதான். இவர்களை வில்லன்களாக்குவது நோக்கமல்ல. சுருள் முடியோடு வேலை கிடைக்காத ஊரில், வேலை கிடைக்க வழி செய்த பொருளை விற்றார்கள். ஆனால் அந்தப் பொருள் எது என்பதைப் பெண்கள் அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

பழைய வகை ரிலாக்ஸரின் முக்கியப் பொருள் சோடியம் ஹைட்ராக்சைடு. நம் ஊரில் காஸ்டிக் சோடா. அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைத் திறக்கப் பயன்படுவது. ரிலாக்ஸரின் காரத்தன்மை பிஹெச் அளவில் 12, 13ஐத் தொடும். முடிக்கு வலுவைத் தருவது கெரட்டின் இழைகளுக்கு நடுவே உள்ள இரட்டைக் கந்தகப் பிணைப்பு. காரம் உள்ளே புகுந்து அதை அறுத்து, ஒற்றைக் கந்தகப் பிணைப்பாக மாற்றிவிடுகிறது. மாறியது மாறியதுதான், திரும்பாது. ரிலாக்ஸர் பூசிய முடியில் கந்தகம் தாங்கிய சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் குறைந்துவிடுவதைக் குமாலோவின் குழு 2010இல் ஆய்வகத்தில் காட்டியது. அதாவது முடி 'அடங்கியது' என்று சொல்லப்படுவதன் உண்மையான பொருள், முடி பலவீனப்பட்டது என்பதே. பூசுவதற்கு முன் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் வாசலின் தடவுவது வழக்கமாயிற்று, இல்லையென்றால் தோல் வெந்து புண்ணாகும். எரிந்தாலும் பொறுத்துக்கொள், இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தால் நன்றாகப் படியும் என்று சிறுமிகளிடம் சொல்லப்பட்டது. டப்பாவில் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வற்புறுத்த 1970களின் நடுப்பகுதிவரை ஆயிற்று.

2022 அக்டோபரில் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்களின் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் கவலை தருவது. 33,497 பெண்களை ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் வந்தது. நேராக்கும் பொருள்களையே பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் இந்த நோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு என்றும், அடிக்கடி பயன்படுத்துபவர்களில் 4.05 விழுக்காடு என்றும் கணக்கிட்டார்கள். முந்தைய ஓராண்டில் இப்பொருள்களைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் கருப்பினப் பெண்கள். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. எந்த வேதிப்பொருள் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் 'முடியை ஆரோக்கியமாக வைத்திருக்க' என்று விளம்பரம் செய்து விற்ற ஒன்றைப் பற்றி இப்படி ஒரு கேள்வி எழும்பும்போது, பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு விற்றவருக்குத்தான், வாங்கிய பெண்ணுக்கல்ல.

பெண்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை என்பதற்கு நீதிமன்ற ஆவணங்களே சாட்சி. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த ரெனே ராஜர்ஸ், தலையோடு ஒட்டிப் பின்னும் வரிப்பின்னலுக்குத் தடை விதித்ததை எதிர்த்து வழக்குப் போட்டார். 1981இல் தோற்றார். பின்னல் பிறவியில் வருவதல்ல, மாற்றிக்கொள்ளக்கூடியது என்றது நீதிமன்றம். வேலை நேரத்தில் பின்னலைக் கொண்டையாக முடிந்து அதன்மேல் சவுரி சுற்றிக்கொள்ளலாம் என்று நிறுவனம் யோசனை சொன்னது. பல நூறு ஆண்டுப் பழக்கத்தைக் கொண்ட அந்தப் பின்னலை, 1979இல் வெளிவந்த ஒரு படத்தில் நடித்த வெள்ளை நடிகை பிரபலப்படுத்தினார் என்ற வாதமும் எடுபட்டது. இதற்குப் பத்தாண்டு முன்பு, 1971இல், குடியரசுத் தலைவர் நிக்சனின் மகள் திருமணச் செய்தியைச் சேகரிக்க ஆஃப்ரோ முடியோடு போன நியூயார்க் தொலைக்காட்சிச் செய்தியாளர் மெல்பா டாலிவரைத் திரையில் காட்ட அவருடைய நிலையம் தயங்கியது.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. அலபாமாவில் 2010இல் வேலை தருவதாகச் சொல்லி, சடைமுடியை வெட்டினால்தான் சேரலாம் என்று நிபந்தனை போட்ட நிறுவனத்துக்குச் சாதகமாக 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே 2016 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், இயல்பான முடியைச் சரிசெய்யச் சொன்னதை எதிர்த்து மாணவிகள் திரண்டார்கள்; முடிக்குள் பென்சிலைச் செருகி, அது விழாமல் நின்றால் வெள்ளையரல்ல என்று மனிதரை வகைப்படுத்திய நிறவெறி ஆட்சி முடிந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2019 ஜூலையில் அமெரிக்க மாநிலங்களில் கலிஃபோர்னியா முதன்முதலாக முடியின் இயல்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே வழியில் வந்தன. டெக்சாஸும் 2023இல் வந்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே வாரத்தில் அங்கே ஒரு பள்ளி, சடைமுடி நீளமாக இருக்கிறது என்று ஒரு மாணவரை வகுப்பிலிருந்து ஒதுக்கி வைத்தது. 2024 பிப்ரவரியில் நீதிபதியும் பள்ளியின் பக்கமே நின்றார். வளராது என்று பெயர் வாங்கிய முடி, நீளமாக வளர்ந்துவிட்டது என்பதற்காகத் தண்டனை வாங்குகிறது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஆந்திரத்தின் திருப்பதியிலும் தமிழ்நாட்டின் பழனி, திருத்தணி கோயில்களிலும் காணிக்கையாகக் கொடுக்கும் முடி ஏலம் போகிறது. திருப்பதி தேவஸ்தானத்துக்கு மட்டும் ஆண்டுக்கு நூறு கோடி ரூபாய்க்கு மேல் இதில் வருமானம். சென்னையின் ஏற்றுமதியாளர்கள் அதைச் சிக்கெடுத்து, நீளவாரியாகப் பிரித்து, வேரும் நுனியும் ஒரே திசையில் இருக்கும்படி கட்டி அனுப்புகிறார்கள். அதில் கணிசமான பகுதி கருப்பினப் பெண்களின் தலையில் தைக்கும் சவுரியாகவும் விக்காகவும் மாறுகிறது. அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ராக் தயாரித்து 2009இல் வெளிவந்த ஆவணப்படம் இந்தப் பாதையைப் பின்தொடர்ந்து இந்தியாவுக்கே வந்தது. விக் அணிவது அவரவர் விருப்பம், அதில் குறை காண ஒன்றுமில்லை. பார்த்துச் செய்தால் உள்ளே இருக்கும் முடிக்கு ஓய்வும் கிடைக்கும். ஆனால் தன் முடி வளராது என்று ஒரு பெண்ணை நம்பவைத்து, நம் பெண்களின் முடியை அவருக்கு விற்கும் வியாபாரத்தின் ஒரு முனை நம் ஊரில் இருக்கிறது என்பதையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சவுரி தைப்பதற்காகவும் மெலிந்த பின்னலுக்காகவும் முடியை இறுக்கி இழுப்பதன் விளைவு நெற்றியோரத்தில் தெரியும். கேப் டவுன் பகுதியில் குமாலோ குழு 2007இல் வெளியிட்ட ஆய்வுகளில், வளர்ந்த பெண்களில் 31.7 விழுக்காட்டினருக்கும் பள்ளிச் சிறுமிகளில் 17 விழுக்காட்டினருக்கும் இப்படி இழுப்பால் வரும் வழுக்கை இருந்தது. தொடக்கத்திலேயே இழுப்பை நிறுத்தினால் முடி திரும்பி வரும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் மயிர்க்கால் தழும்பாகிவிடும், பிறகு எந்தத் தைலமும் உதவாது. பின்னி முடித்த இரவு தலை வலித்தால், நெற்றியோரத்தில் சிறு கொப்புளங்கள் எழுந்தால், அது அழகுக்குக் கொடுக்கும் விலை அல்ல, பின்னல் இறுக்கம் என்பதற்கான அறிகுறி. பிரித்துவிட வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் பழக்கம் எத்தனை தலைமுறைச் சிறுமிகளின் முன்னெற்றியை வெறுமையாக்கியிருக்கிறது!

அப்படியானால் இந்த முடியை எப்படிப் பேணுவது? ரகசியம் எதுவும் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை, அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தலைக்குக் குளிப்பது போதும் என்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம். தினமும் குளித்தால் வறளும். அழுக்கோடு இருந்தால்தான் வளரும் என்பது கட்டுக்கதை. ஷாம்பூவைத் தலைத்தோலில் தேய்க்க வேண்டும், முடியின் நீளத்துக்கு வழியும் நுரையே போதுமானது. ஒவ்வொரு குளியலுக்கும் பின் கண்டிஷனர், முக்கியமாக நுனியில். சிக்கெடுப்பது முடி ஈரமாக, கண்டிஷனர் வழுவழுப்போடு இருக்கும்போது மட்டும். நாலைந்து பகுதியாகப் பிரித்து, விரலாலோ அகலப்பல் சீப்பாலோ நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல வேருக்குப் போக வேண்டும். இந்த ஒரு வரிசையை மாற்றி, வேரிலிருந்து நுனிக்கு இழுப்பதால்தான் மிகுதியான முடி ஒடிகிறது. நேர்முடிக்காரர்கள் காயவைத்துச் சீவுகிறார்கள், இவர்கள் ஈரத்தில் சீவ வேண்டும். இருவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

ஈரத்துக்குப் பிறகுதான் எண்ணெய். தண்ணீர் கலந்த கிரீமைத் தடவி, அதன்மேல் ஷியா வெண்ணெயோ ஆமணக்கெண்ணெயோ பூசினால் உள்ளே போன ஈரம் தங்கும். வறண்ட முடியில் எண்ணெயை மட்டும் பூசினால் மினுக்கும், மென்மையாகாது. பொடுகு இருக்கும் தலைத்தோலில் கெட்டியான கொழுப்பைத் தடவிக்கொண்டே இருந்தால் பொடுகுதான் கூடும். இரவில் பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சி முடியை உரசும், அதனால் சாட்டின் துணியில் தலையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். பின்னலை இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் அவிழ்க்காமல் வைத்திருக்கலாகாது. உச்சந்தலை நடுவில் முடி மெலிந்துகொண்டே வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். கருப்பினப் பெண்களிடம் அதிகம் காணப்படும், தழும்பாக்கும் ஒரு வகை முடி உதிர்வு அங்கேதான் தொடங்குகிறது. சூடான சீப்புதான் காரணம் என்று 1968இல் அதற்குப் பெயரிட்டார்கள். அப்படி ஒரே காரணத்தில் அடக்க முடியாது என்று பின்னர் தெரிந்தது. சிலருக்கு மரபணு மாற்றமும் காரணம் என்று 2019இல் கண்டறிந்தார்கள்.

பழைய பொய்யை விட்டவர்களுக்குப் புதிய பொய் விற்கவும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். முடி வளராது என்று சொன்ன சந்தை, இப்போது இந்த எண்ணெய் பூசினால் மாதம் இரண்டு அங்குலம் வளரும் என்கிறது. வெட்டினால் வேகமாக வளரும் என்கிறது. கத்தரிக்கோல் படுவது நுனியில், வளர்ச்சி நடப்பது வேரில். சாட் நாட்டின் பசாரா பெண்கள் இடுப்புவரை முடி வளர்த்திருப்பதைக் காட்டி, அவர்கள் பூசும் செபே பொடியை உலகெங்கும் விற்கிறார்கள். அந்தப் பெண்களின் முடி உண்மை. அவர்கள் செய்வதைக் கவனித்தால் பொடியின் மந்திரம் எதுவும் தெரியவில்லை: ஒருவகைக் குரோட்டன் விதையை வறுத்து இடித்த பொடியை எண்ணெயிலோ கொழுப்பிலோ குழைத்து, தலைத்தோலை விட்டுவிட்டு முடியின் நீளத்தில் மட்டும் பூசி, பின்னி, சில நாள் கழித்து மறுபடியும் பூசிப் பின்னுகிறார்கள். சிறுவயது முதல் ஆண்டுக்கணக்கில் இதைச் செய்கிறார்கள். முடி காய்வதில்லை, உரசுவதில்லை, ஒடிவதில்லை. மற்றவர்களுக்கு வளரும் அளவுதான் வளர்கிறது, வளர்ந்தது மிஞ்சுகிறது. காரமும் சூடும் படாத ஆப்பிரிக்க முடி எவ்வளவு நீளும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமா?

இயல்பான முடியை இருக்கிறபடியே ஏற்றுக்கொண்டு யோசித்தவர்கள் பொருள்களையே மாற்றியிருக்கிறார்கள். அடர்ந்த சுருள் முடிக்கென்று லண்டன் நிறுவனம் ஒன்று செய்த பெரிய நீச்சல் தொப்பியை, தலையின் இயல்பான வடிவத்துக்குப் பொருந்தாது என்று சொல்லி 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் உலக நீச்சல் அமைப்பு அனுமதிக்கவில்லை. கண்டனங்களுக்குப் பின் 2022 செப்டம்பரில் அனுமதித்தது. மருத்துவத்தில் நடந்தது இதைவிட முக்கியம். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் கருவியின் முனைகள் தலைத்தோலைத் தொட்டால்தான் வேலை செய்யும். அடர்ந்த சுருள் முடி அவற்றை மேலே தள்ளிவிடும். அதனால் கருப்பின நோயாளிகளின் பதிவுகள் சரியாகக் கிடைக்காமலும், ஆய்வுகளில் அவர்கள் விடுபட்டும் போனார்கள். பிட்ஸ்பர்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்த ஆர்னெல் எட்டியென், முடியை நேராக்கச் சொல்லவில்லை. நோயாளிக்கு வரிப்பின்னல் போட்டு, வரிகளுக்கு நடுவே தெரியும் தலைத்தோலில் முனையை அழுத்திப் பிடிக்கும் கிளிப் ஒன்றைச் சகாக்களோடு வடிவமைத்தார். கிளிப்பைப் பற்றிப் பிடித்து நிறுத்துவது அந்தப் பின்னல்தான். 2020இல் அவர்கள் வெளியிட்ட சோதனையில் பழைய முனைகளைவிடத் தெளிவான தொடர்பு கிடைத்தது.